மஞ்சள் கழன்ற ஐந்து ரூபாய்

“தங்கச்சி, இது அஞ்சு ரூவாக் காசு. அஞ்சு ரூவாதான் பெறும்.”

சொல்லிவிட்டு மர்சூக் நானா கண்ணில் இடுக்கியிருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தையும் சேர்த்தால் நாற்பது வருடமாக மணிக்கூடு திருத்துகிறவர். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. பழைய காசு, பழைய முத்திரை என்று யாராவது கொண்டுபோனால் அதையும் பார்த்து, பெறுமா பெறாதா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். அந்த ஒரே சொல்தான் அன்ரோனெற்றுக்கு வேண்டாமல் இருந்தது.

“கொஞ்சம் ஆறுதலாப் பாத்துச் சொல்லுங்கோ நானா,” என்றாள் கதிரை நுனியில் இருந்தபடி.

“ஆறுதலாத்தான் பாத்தன்.”

“மற்றப் பக்கத்தையும்?”

“காசுக்கு ரெண்டு பக்கம்தான். ரெண்டையும் பாத்தாச்சு.”

“பழைய அஞ்சு ரூவா எல்லாம் மஞ்சள். இது வெள்ளை. வருசத்தைப் பாருங்கோ, ரெண்டாயிரத்துப் பதினொண்டு. அந்த வருசம் வெள்ளைக் காசு அடிக்கேல்லையாம். என்ர மகன் சொன்னவன்.”

“மகன் சொன்னது சரி. ஆனா இது வெள்ளையாப் பிறந்த காசு இல்லை புள்ள. உள்ளுக்க இரும்பு, வெளியில மஞ்சள் பூச்சு. உப்புக்குள்ள கிடந்து பூச்சுக் கழண்டு போச்சு. இந்தா, விரலால தடவிப் பாருங்கோ. கொப்புளிப்பான் வந்த முகம் மாதிரிக் குழி குழியா இருக்கா? காசு அடிக்கிற இடத்தில வந்த பிழையெண்டால் மேல் வழுவழுப்பா இருக்கும். எழுத்துக் கூரா நிக்கும். பிறக்கேக்க வந்தது பிழை. பிறந்த பிறகு வந்தது காயம். பிழைக்குத்தான் சல்லி. காயத்துக்கு ஒருத்தனும் சல்லி தரமாட்டான்.”

அன்ரோனெற் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்; அவிழ்த்தாள்.

“சந்தேகம் எண்டாவது சொல்லேலாதோ நானா?”

“என்ன?”

“இருந்தாலும் இருக்கலாம் எண்டு. சும்மா ஒரு வாய்ச்சொல்.”

“தங்கச்சி, நான் அஞ்சு நேரமும் தொழுறவன்.”

“நானும் விடியப் பூசைக்குப் போறவள்தான். ஆனா…”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. காசை வாங்கி மடியில் முடிந்துகொண்டு பேசாலை பஸ்ஸில் ஏறினாள்.

சொல்ல வந்தது இதுதான். அன்ரோனெற்றுக்கு ஒரே மகன், டிலோஜன். இத்தாலியில், பலெர்மோ என்கிற ஊரில், ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. போய்ப் பதினொரு வருடம். விசா இல்லாமல் எட்டு வருடம் ஒளித்துத் திரிந்தான். அந்த எட்டுக்குள்தான் தகப்பன் எமில் கண்ணை மூடினார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, டிலோஜன் அதற்குள் நின்று அழுதான். பிறகு விசாவும் வந்தது. அவன்தான் வரவில்லை.

ஒருதரம் அவன், “வரட்டோ அம்மா?” என்று கேட்டான்தான். “என்னத்துக்கு? இஞ்ச என்ன கிடக்கு? ரிக்கற் காசை வீணாக்காதே,” என்றாள் அன்ரோனெற். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் கருவாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்தினாள். கேட்ட ஆட்களுக்கு, “உப்புக் காத்து” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த கையோடு அவனுடைய போன் வரும். சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ, அங்க மழையோ. மூன்று நிமிடம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சொல்ல ஒன்றுமில்லாமல் ஒரு சின்ன இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் அவளுக்குப் பயம். அடுத்ததாக அவன் ‘வைக்கிறன்’ என்று சொல்லிவிடுவான். அதைக் கேட்பதைவிடத் தானே சொல்லிவிடுவது நெஞ்சுக்குச் சுகம் என்று, “சரி மகன், வை. உனக்குக் காசு போகும்,” என்பாள்.

“வாட்ஸ்அப்பில காசு போகாது அம்மா.”

“போகாது எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு பில் அனுப்புவாங்கள். வை.”

பிறகு ஆறு நாள் அந்த மூன்று நிமிடத்தைப் பிரித்துப் பிரித்து வைத்து நினைத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவன் குரலில் சளி. இன்றைக்கு ‘அம்மா’ என்று நாலுதரம் சொன்னான். போன கிழமை ஐந்துதரம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை, அவள் மீனை உப்பிட்டுக் காயப்போடுகிற கருவாட்டு வாடியில் உப்புத்தண்ணிப் பீப்பாவைக் கவிழ்த்துக் கழுவியபோது அடியில் அந்த வெள்ளை ஐந்து ரூபாய் கிடந்தது. எந்த வருடம் எந்த மடியிலிருந்து விழுந்ததோ. மறுநாள் போனில் அந்தச் சின்ன இரைச்சல் தொடங்கப்போகிற நேரம், வேறு ஒன்றும் இல்லாத குறைக்கு, “மகன், எனக்கொரு வெள்ளைக் காசு கிடைச்சதடா,” என்றாள்.

“காட்டுங்கோ பாப்பம்.”

நாற்பத்தொரு நிமிடம் கதைத்தான்! இன்ரநெற்றில் தேடித் தேடி வாசித்தான். பிழையாக அடித்த காசுகளுக்கு வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்களாம். “ஆராவது தெரிஞ்ச ஆளிட்டக் காட்டுங்கோ,” என்றான். அன்றைக்கு அவன் ‘அம்மா’ என்று எத்தனைதரம் சொன்னான் என்று எண்ண அவளுக்கு விரல் போதவில்லை.

அதனால்தான் மர்சூக் நானாவின் ஒரே சொல் அவளுக்கு இடியாக இறங்கியது.

மன்னாரிலிருந்து திரும்பிய அன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. திங்கட்கிழமையில் போன் என்றால் செத்தவீடுதான் என்று நினைத்துக்கொண்டு அன்ரோனெற் எடுத்தாள்.

“என்னடா, ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அம்மா. காசு என்னமாதிரி? காட்டினீங்களோ?”

அஞ்சு ரூவாதானாம் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். போனும் முடிந்துவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமைதான்.

“அது… லேசில சொல்லேலாதாம். வைச்சுப் பாக்கவேணுமாம்.”

“ஆர் சொன்னது?”

“மன்னாரில மணிக்கூட்டுக்கடை மர்சூக் நானா.”

“அப்படியோ? அப்ப நான் நாளைக்கும் எடுக்கிறன்.”

நாளைக்கும்! அவள் போனை மேசையில் வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிய, இரண்டு கிலோ சீலாக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மறுபடி மர்சூக் நானாவிடம் போனாள். மகன் ஒருவேளை விசாரித்தால் காட்டிக்கொடுக்கவேண்டாம் என்று காலில் விழாக்குறையாகக் கேட்கத்தான். அவள் வாயைத் திறக்க முதலே அவர் சொன்னார்:

“சந்தேகம்தான் தங்கச்சி. வைச்சுப் பாப்பம்.”

“நேற்று அஞ்சு நேரமும் தொழுறவன் எண்டீங்கள்?”

“நேற்றுக் கரண்ட் இல்லை. வெளிச்சம் காணாது.”

சொல்லிவிட்டு அவர் வீதியைப் பார்த்தார். நேற்று மின்விசிறி சுழன்றது அவளுக்கு நல்ல ஞாபகம். ஆனாலும் அன்ரோனெற் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. சீலாக் கருவாட்டின் வாசம் மனிசரை என்னவெல்லாம் செய்யவைக்கிறது என்று நினைத்துக்கொண்டு பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் ஐந்து மணி அவளுக்குத் திருநாள். சீப்பால் தலை இழுத்து, பவுடர் பூசி, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு இருப்பாள்.

“அம்மா, விளிம்பைக் காட்டுங்கோ.”

காட்டினாள்.

“மற்ற விளிம்பு.”

“வட்டத்துக்கு ஏதடா மற்ற விளிம்பு?”

“திருப்பிக் காட்டுங்கோவன். ஆறுதலா. அவசரமில்லை.”

இன்னொரு நாள் காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னான். ஒட்டியது. சரி, வேறு ஐந்து ரூபாயை வைத்துப் பாருங்கோ என்றான். அதுவும் ஒட்டியது. அப்படியானால் வீட்டில் உள்ள எல்லாக் காசையும் வைத்துப் பாருங்கோ என்றான். ஒரு மணித்தியாலம் போனது. மறுநாள் நிறை கேட்டான். சந்திக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். “அக்கா, இந்தத் தராசுக்கு நூறு கிராமுக்குக் கீழ ஒண்டும் தெரியாது,” என்றான் கடைக்காரன். அதையும் அப்படியே மகனிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவன் சிரிக்கும்போது மேற்பல் ஒன்று உடைந்திருப்பதைக் கண்டாள்.

“பல்லுக்கு என்னடா?”

“அது போன வருசம் அம்மா. குசினியில வழுக்கி விழுந்தனான்.”

“ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

மூன்று நிமிடத்தில் எந்தத் தாய் பல்லை விசாரிக்க முடியும்?

ஆனால் ஒரு காசைப் பற்றி எவ்வளவு நாளைக்குத்தான் கதைக்கலாம்? மூன்றாம் கிழமை போன் அரை மணியாகச் சுருங்கியது. ஒரு புதன்கிழமை அந்தச் சின்ன இரைச்சல் மறுபடி கேட்டது. அப்போது அவனே கேட்டான்: “பீப்பாவில வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ அம்மா?”

“கிடைச்சது,” என்றாள், யோசிக்காமல். “அஞ்சாறு கிடக்கு. நாளைக்குக் காட்டுறன்.”

போனை வைத்தபிறகுதான் யோசித்தாள். நாளைக்குள் ஐந்தாறு காசுக்கு எங்கே போவது?

கைக்காசில் ஏழு மஞ்சள் ஐந்து ரூபாய்களை எடுத்தாள். நாலைக் கட்டா மீன் ஊறிக்கொண்டிருந்த உப்புத்தண்ணிப் பீப்பாவில் போட்டாள். இரண்டை வினாகிரியில் போட்டாள். மீதி ஒன்றைத் தலைமன்னார் வீதியில் பஸ் சில்லுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. காசுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மட்டும் றைவரிடம் ஏச்சு விழுந்தது.

உப்புப் பூச்சைத் தின்ன வருடம் எடுக்கும் என்பது மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அரைக்கல்லில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு றெபேக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஊரில் நடக்கிறது எதுவும் றெபேக்காவைத் தாண்டிப் போகாது.

“அன்ரோனெற்றக்கா, என்ன, காசுக்குச் செதிள் எடுக்கிறீங்களோ?”

“போடி. பாசி பிடிச்சிருக்கு.”

“காசுக்கோ?”

“ஓம், காசுக்குத்தான். உன்ர வாய்க்குப் பிடிச்சிருந்தால் இன்னும் நல்லம்.”

தேய்த்த காசுகளை ஐந்து மணிக்குக் காட்டினாள். அரைக்கல் கீறல் கோடு கோடாகத் தெரிந்தது. டிலோஜன் ஒவ்வொன்றாகப் பார்த்து, “அருமை அம்மா, அருமை,” என்றான். அவளுக்கு நெஞ்சு சுட்டது. தன் பிள்ளை இவ்வளவு ஏமாளியாக இருக்கிறானே, அந்நிய ஊரில் எப்படிப் பிழைக்கிறான் என்று முதல்முதலாகக் கவலைப்பட்டாள்.

பீப்பாவில் போட்ட நாலில் மூன்றுதான் திரும்பிக் கிடைத்தது. நாலாவது, ஒரு கட்டாவின் வயிற்றுக்குள் போய் உப்போடு உப்பாய்ப் படிந்து, மீனோடு காய்ந்து, அடுத்த கிழமை சனிக்கிழமை றெபேக்காவின் வீட்டுக்கே விலைப்பட்டது. கறிக்கு வெட்டும்போது கத்தியில் ‘ணங்’ என்றது.

பேசாலையில் ஒரு செய்தி கோயில் மணியைவிட வேகமாகப் போகும். “அன்ரோனெற்றக்கா காசை மீனுக்குள்ள ஒளிச்சு வைக்கிறா. அப்ப அதுகள் எவ்வளவு பெறும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ!” என்றாள் றெபேக்கா. ஞாயிறு பூசை முடிவதற்குள், அன்ரோனெற்றின் வீட்டுப் படலையில் பதினாலு பேர் கையில் காசோடு நின்றார்கள்.

துரத்திப் பார்த்தாள். போகமாட்டோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் ஒரு கதிரையைப் போட்டு, எமிலின் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருந்தாள்.

“இது றெயில் ஏறின காசு. சப்பளிஞ்சு கிடக்கு. காயம். அடுத்தாள்.”

“இதில சிங்கத்துக்குத் தலை இல்லை அக்கா.”

“தடவிப் பாருங்கோ. குழி குழியா இருக்கா? உப்புத் திண்டது. காயம். அடுத்தாள்.”

“இதில ஓட்டை இருக்கு.”

“ஓட்டை போட்டது உங்கட மனிசன். அரைஞாண் கயித்தில கட்ட. காயம்.”

மர்சூக் நானா சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். பதினாலு பேருக்கும் பொய் கலக்காத தீர்ப்பு. பதினைந்தாவது காசு மட்டும் அவளுடைய மடியில் கிடந்து இடுப்பைச் சுட்டது.

அன்று பின்னேரம் டிலோஜன் எடுத்தவுடனேயே சொன்னான்:

“அம்மா, நான் வாறன்.”

“எங்க?”

“வீட்டை. ரிக்கற் போட்டாச்சு. ஓகஸ்ற்றில கடை பூட்டு, ஒரு மாசம் லீவு. அந்தக் காசை நேரில பாக்கவேணும்.”

பதினொரு வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் வந்தது. வாலில் ஒரு காசைக் கட்டிக்கொண்டு வந்தது.

“ரிக்கற் எவ்வளவடா?”

“அதை விடுங்கோ அம்மா. காசுக்கு முன்னால அது ஒண்டுமில்லை.”

அரைக்கல்லில் தேய்த்த காசைப் பார்க்க, குசினியில் வழுக்கி விழுந்து பல்லுடைத்துச் சேர்த்த பணம் விமானத்துக்குப் போகிறது. வந்து இறங்கிக் காசைத் தடவிப் பார்ப்பான். பிறகு தாயை ஒரு பார்வை பார்ப்பான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடமும் இருக்குமோ இல்லையோ.

மறுநாள் கோயிலுக்கு ஓடி, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்றாள்.

“சுவாமி, பொய் சொல்லிப்போட்டன்.”

“எத்தனைதரம்?”

“தினமும் ஒரு மணித்தியாலம். நாலு கிழமையா.”

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குச் சுவாமி நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு, வினாகிரி, அரைக்கல், பஸ் ஒன்றையும் விடவில்லை.

“மகள், நீங்கள்தான் அந்தக் காசு பாக்கிற ஆளோ?”

“ஓம் சுவாமி.”

அங்கிக்குள் ஏதோ தேடும் சத்தம். தட்டியின் இடுக்கால் ஒரு இரண்டு ரூபாய் வந்தது.

“உண்டியலுக்க கிடந்தது. எழுத்து ரெட்டையாத் தெரியுது. கோயிலுக்கு ஓடு மாத்தவேணும், அதுதான் கேக்கிறன்.”

அன்ரோனெற் தாழ்வாரப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஆரோ மற்றக் காசை மேல வைச்சுச் சுத்தியலால அடிச்சிருக்கினம் சுவாமி. காயம்.”

சுவாமி பெருமூச்சு விட்டார். “சரி. உங்கட பரிகாரம், மகனுக்கு உண்மையைச் சொல்லுறது.”

“அதை விட்டுட்டு வேற ஏதாவது தாங்கோ சுவாமி. அம்பத்துமூண்டு மணிச் செபம் எத்தினைதரம் எண்டாலும் சொல்லுறன். மடுக் கோயிலுக்கு நடந்து போகட்டோ?”

“நடக்கவேண்டாம். சொல்லவேணும்.”

ஐந்து மணிக்குப் போன் வந்தது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, “மகன், அந்தக் காசு…” என்றாள்.

“ஓம் அம்மா?”

“அந்தக் காசு… துலைஞ்சு போச்சு.”

உண்மையைச் சொல்லப்போன வாய் பாதியில் திரும்பி இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் சொன்னபிறகு, இதுவும் நல்லதுதான் என்று நினைத்தாள். காசு இல்லையென்றால் வரமாட்டான். ரிக்கற்றை மாற்றிப் பணத்தை வாங்கிக்கொள்வான். தன் பிள்ளையின் பணமாவது மிஞ்சும். பதினொரு வருடம் பொறுத்த நெஞ்சு இன்னும் கொஞ்சம் பொறுக்காதா? பொறுக்காதுதான். இருந்தாலும்.

“துலைஞ்சதோ?” என்றான் டிலோஜன். “பரவாயில்லை அம்மா. நான் வந்து தேடுறன்.”

ஓகஸ்ற் மூன்றாம் திகதி பத்துமணி வெயிலில் ஒரு வெள்ளை வான் படலையில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் நௌஷாட். மர்சூக் நானாவின் மருமகன். விமான நிலையத்துக்குப் போக நல்ல வான் ஒன்று வேண்டும் என்று அவள்தான் நானாவிடம் கேட்டு ஒழுங்குபண்ணியிருந்தாள்.

கதவு திறந்தது. போனில் முகம் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு வயிறும் இருந்தது. உச்சியில் வழுக்கையும் இருந்தது. எமிலின் நடை அப்படியே இருந்தது. அன்ரோனெற் கட்டிப்பிடிக்கப் போன கைகளைப் பாதியில் நிறுத்தினாள். பொய்யோடு கட்டிப்பிடித்தால் அதுவும் களவு என்று பட்டது.

மடியை அவிழ்த்து வெள்ளைக் காசை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“துலையேல்லை மகன். பிழைக்காசும் இல்லை. உப்புத் திண்ட காசு. அஞ்சு ரூவாதான் பெறும். மர்சூக் நானா முதல் நாளே சொன்னவர். மற்றதெல்லாம் நான் கல்லில தேய்ச்சது. நான்தான் உன்னை ஏமாத்தினனான்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

டிலோஜன் காசை எடுத்தான். விரலால் தடவினான். வாய் ஏதோ சொல்லப்போய்க் கோணியது. “முகம் கழுவிக்கொண்டு வாறன் அம்மா,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்தும் நெடுநேரம் கேட்டது.

அன்ரோனெற் நௌஷாட்டுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வான் கதவில் சாய்ந்து நின்றவன் முதல் மிடறு குடிக்க முன்னமே அவள் கண்ணீர் கோப்பைத் தட்டில் விழுந்தது.

“கோவத்தில போயிட்டான் தம்பி. ஒரு அஞ்சு ரூவாவுக்காக என்ர பிள்ளையை இவ்வளவு தூரம் ஏமாத்திக் கூப்பிட்டுட்டன். இனி என்னோட கதைக்கமாட்டான்.”

நௌஷாட் கிணற்றடிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“அன்ரி, இவர் கடைக்குப் போன் எடுத்துக் கேக்க, அது அஞ்சு ரூவாதான் எண்டு மாமா முதல் திங்கக்கிழமை பின்னேரமே இவருக்குப் போனில சொல்லிட்டார், இவர்தான் மாமாட்டக் கெஞ்சினவர், ‘அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, பதினொரு வருசத்தில இப்பதான் அம்மா வை வை எண்டு சொல்லாம என்னோட கதைக்கிறா’ எண்டு.”